டிஸ்க் 100%: வேலையா, திணறலா? – கணினி கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: ஹார்ட் டிஸ்க் மந்தம். அதனால் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஆறு வருடப் பழைய டெஸ்க்டாப். 1 டிபி ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. ஆன் செய்தால் ஐந்தாறு நிமிடத்துக்கு எதைத் தொட்டாலும் அசைவதில்லை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று சிவந்து நிற்கிறது. ஆனால் வேகத்தைப் பார்த்தால் விநாடிக்கு 1 எம்பிகூட இல்லை. வேலையே நடக்காமல் 100% எப்படி ஐயா?

பதில்: அந்த 100% வேகக் கணக்கு அல்ல, நேரக் கணக்கு. அளந்த நேரத்தில் எத்தனை பங்கு டிஸ்க்கிடம் முடியாத வேலை இருந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. 1 எம்பி வேகத்தில் ஓடிக்கொண்டே 100% காட்டுவது ஹார்ட் டிஸ்க்குக்கு மிக இயல்பு.

கணக்குப் போட்டால் விளங்கும். உங்கள் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுவது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம், தகவலைப் படிக்கவும் எழுதவும் செய்யும் ஹெட்டுக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஹெட் சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு ஏறக்குறைய 9 மில்லி விநாடி. ஆக ஒரு கோரிக்கைக்கு 13 மில்லி விநாடி, விநாடிக்கு 75 கோரிக்கை. ஒவ்வொன்றும் 4 கேபி துண்டாக இருந்தால் கிடைப்பது விநாடிக்கு 300 கேபி! அதே டிஸ்க்கில் ஒரு பெரிய சினிமா ஃபைலைத் தொடர்ச்சியாகப் படித்தால் 150 எம்பி வரும். விண்டோஸ் எழும் நேரத்தில் நடப்பது முதல் வகை வேலை: ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கின் கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. ஒரு தகவலைத் தேடி எடுக்க அதற்கு 600 மில்லி விநாடி ஆனது. உங்கள் 1 டிபி டிஸ்க் அதைப் போல 2 லட்சம் மடங்கு கொள்ளும். தேடும் வேகமோ 50 மடங்குகூட ஏறவில்லை. உலோகக் கையை நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் அவ்வளவுதான் முடியும்.

எனவே 100%-ஐப் பார்த்துப் பதற வேண்டாம். பார்க்க வேண்டியவை இரண்டு: பதில் நேரமும் வரிசை நீளமும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்கைச் சொடுக்குங்கள். ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்று மில்லி விநாடிக் கணக்கில் ஒரு எண் இருக்கும். பிறகு ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, டிஸ்க் பகுதியில் வலப்பக்க வரைபடங்களில் டிஸ்க் க்யூ லெங்த் என்பதைப் பாருங்கள்.

வரிசையில் முப்பது நாற்பது வேலை காத்திருந்து, பதில் நேரம் 400, 500 மில்லி விநாடி என்றால் டிஸ்க் நலமாகவே இருக்கிறது, சுமைதான் அதிகம். விநாடிக்கு 75 பேரைக் கவனிப்பவரிடம் 40 பேர் நின்றால் கடைசி ஆளுக்கு அரை விநாடி ஆகத்தானே செய்யும்? மாறாக, வரிசையில் ஒன்றோ இரண்டோதான் நிற்கிறது, ஆனாலும் பதில் நேரம் 1,000, 3,000 என்று போகிறது என்றால் அது சுமை அல்ல, நோய். டிஸ்க்கோ கேபிளோ கெட்டிருக்கிறது. அடுத்த பதிலுக்குப் போய்விடுங்கள்.

சுமைதான் என்றால் சுமத்துவது யார் என்று பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரின் பிராசஸஸ் பகுதியில் டிஸ்க் என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் இழுப்பது மேலே வரும். ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள் என்றால் விண்டோஸ் டிஃபெண்டர் சோதனை போடுகிறது. விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் ஒர்க்கர் என்றால் அப்டேட். இவை இரண்டும் அரைகுறையாக நின்றால் மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும். தினமும் அரை மணி நேரம் மட்டும் கணினியைத் திறந்து மூடுபவர்களுக்கு வேலை முடிவதே இல்லை. ஒரு ராத்திரி முழுக்க ஆன் செய்தே விட்டுவிடுங்கள். தூக்க நிலைக்குப் போகாதபடி அமைத்துவிட்டு. பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

உங்கள் விஷயத்தில் எங்கள் சந்தேகம் அந்த 4 ஜிபி ரேம் மீது. ரேம் போதாதபோது விண்டோஸ், டிஸ்க்கில் இருக்கும் பேஜ்ஃபைலை ரேமுக்கு மாற்றாகப் பயன்படுத்தும். ரிசோர்ஸ் மானிட்டரின் மெமரி பகுதியில் ஹார்ட் ஃபால்ட்ஸ் (ரேமில் இல்லாததை டிஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டிவந்த தடவைகள்) வரைபடம், பிரவுசர் திறந்திருக்கும்போது ஓயாமல் நூற்றுக்கணக்கில் துள்ளினால் சந்தேகமே வேண்டாம். ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். டிஸ்க்குக்கு மூச்சு வரும். 'பேஜ்ஃபைலை நிறுத்திவிட்டால் டிஸ்க் ஓயும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்போது புரோகிராம்கள் நடுவழியில் மூடிக்கொள்ளும்.

கேள்வி: டிஸ்க்கின் நலம் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் 'காஷன்' என்கிறது. சி5 என்ற வரியில் 8 என்று இருக்கிறது. ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடுமா?

பதில்: முதலில் பேக்கப். ஃபார்மட் பற்றி அப்புறம் பேசுவோம்.

சி5 என்பது படிக்க முடியாமல் போய், தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டர்களின் (டிஸ்க்கில் தகவல் வைக்கும் சிறு கட்டங்களின்) எண்ணிக்கை. படிக்கத் தவறிய இடத்தை டிஸ்க் ஒருமுறையோடு விட்டுவிடாது. திரும்பத் திரும்ப முயலும். வீட்டு உபயோக டிஸ்க்குகள் ஒரே செக்டருக்காகப் பல விநாடிகள் மல்லுக்கட்டும். அந்த நேரம் முழுக்க மற்ற எல்லா வேலையும் பின்னால் நிற்கும். மவுஸ் அசைகிறது, ஆனால் எந்த ஜன்னலும் திறப்பதில்லை என்ற அந்த உறைநிலை பெரும்பாலும் இதுதான்.

8 என்ற எண்ணைப் பார்த்து எட்டு இடம் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். இன்றைய டிஸ்க்குகளில் ஒரு உண்மையான செக்டர் 4,096 பைட். பல டிஸ்க்குகள் அதை 512 பைட் வீதம் எட்டுத் துண்டாகக் கணினிக்குக் காட்டுகின்றன. ஒரே ஒரு செக்டர் கெட்டாலே 8 என்று வரும். இன்னொன்று: இந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டுவது வழக்கம். ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்ட் ஃபீச்சர், அதில் ரா வேல்யூஸ் போய் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டு படியுங்கள். இல்லாவிட்டால் 10 என்பது உண்மையில் 16.

கூடவே பார்க்க வேண்டிய வரிகள் 05, சி6. சி6 என்பது டிஸ்க் தானே சோதித்தும் சரிசெய்ய முடியாமல் போன செக்டர்கள். 05 என்பது ஏற்கெனவே கைவிடப்பட்டு, உதிரி இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள். அது மாதக்கணக்கில் ஒரே எண்ணில் நின்றால் பயம் குறைவு. வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்த டிஸ்க்குக்கு விடைகொடுக்க வேண்டியதுதான். 01, 07 வரிகளில் சில நிறுவனங்களின் டிஸ்க்குகள் கோடிக்கணக்கில் எண் காட்டும். அது அவர்கள் கணக்கு எழுதும் முறை; கோளாறு அல்ல.

பேக்கப் எடுக்கும் வரிசையும் முக்கியம். முழு டிரைவையும் தேர்ந்தெடுத்துக் காப்பி போடாதீர்கள். ஈடுசெய்ய முடியாதவை முதலில்: ஆவணங்கள், குடும்பப் படங்கள். பிறகு வீடியோக்கள். திரும்ப இறக்கிக்கொள்ளக் கூடியவை கடைசியில், அல்லது வேண்டவே வேண்டாம். ஒரு ஃபைலில் காப்பி நின்றுபோனால் அதைத் தாண்டிவிட்டு மேலே போங்கள். அங்கேயே பத்து முறை முயல வேண்டாம். பேக்கப் முடியும் முன் டீஃப்ராக் (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்று சேர்ப்பது) ஓட்டக் கூடாது. டிஸ்க்கைச் சோதிக்கும் செக் டிஸ்க் கட்டளையையும் ஸ்லாஷ் ஆர் (/r) சேர்த்து ஓட்டக் கூடாது. அது டிஸ்க் முழுவதையும் மூலை முடுக்கு விடாமல் படிக்கும்: விநாடிக்கு 100 எம்பி என்றாலும் 1 டிபிக்கு 2 மணி 45 நிமிடத்துக்கு மேல். நல்ல டிஸ்க்குக்கு அது சோதனை, சாகக் கிடக்கும் டிஸ்க்குக்குக் கடைசி ஓட்டம். காப்பியே நகராத நிலை என்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒன்று உண்டு. எளிதில் படிக்க வருபவற்றை முதல் சுற்றில் அள்ளிவிட்டு, முரண்டு பிடிப்பவற்றைப் பின்னால் பார்க்கும். எதுவரை வந்தோம் என்று ஒரு ஃபைலில் குறித்தும் வைக்கும்.

எல்லாம் பத்திரமான பிறகு ஃபார்மட் செய்யலாம். 'குவிக் ஃபார்மட்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். முழு ஃபார்மட்தான் எல்லா இடத்திலும் சுழியம் எழுதும். எழுதும்போதுதான் அந்தச் செக்டரின் விதி முடிவாகும்: எழுத முடிந்தால் சி5 குறைந்து பழைய இடமே தொடரும், முடியாவிட்டால் 05-க்கு மாறும். அதற்குப் பிறகு மஞ்சள் மறைந்தாலும், அந்த டிஸ்க்கில் ஒரே பிரதியாக எதையும் வைக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 05, சி5, சி6 எல்லாம் சுழியம். சி7 மட்டும் 2,341. டிஸ்க் அவ்வப்போது ஓரிரு விநாடி உறைகிறது. மாற்ற வேண்டுமா?

பதில்: டிஸ்க்கை அல்ல, சாட்டா கேபிளை. சி7, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே வழியில் சிதைந்த தகவல்களின் எண்ணிக்கை. கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபிளின் இரு முனைகளையும் கழற்றி அழுத்திச் செருகுங்கள். முடிந்தால் புதுக் கேபிளே போட்டு, மதர்போர்டில் வேறு சாட்டா போர்ட்டில் செருகுங்கள். 2,341 குறையாது, அந்த எண் எப்போதும் இறங்குவதில்லை. அதைக் குறித்துவைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். அங்கேயே நின்றால் குணமாகிவிட்டது. கூடுதலாக உறுதி வேண்டுமானால் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் போய்ப் பாருங்கள். 129 என்ற எண்ணுள்ள பதிவு, டிஸ்க் பதில் சொல்லாததால் இணைப்பு மீட்டமைக்கப்பட்டதைச் சொல்லும். 153, கோரிக்கை திரும்ப அனுப்பப்பட்டதை. 7 என்றால் கெட்ட செக்டர், அதற்குக் கேபிள் மருந்தல்ல.

கேள்வி: மாதம் ஒருமுறை டீஃப்ராக் செய்வது நல்லதா? எஸ்எஸ்டிக்கும் செய்யலாமா?

பதில்: விண்டோஸே வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறது. ஆப்டிமைஸ் டிரைவ்ஸைத் திறந்து, அட்டவணை ஆன் என்று இருக்கிறதா, மீடியா டைப் சரியாகக் காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். எஸ்எஸ்டி என்றால் அதே பொத்தான் டிரிம் வேலையை, அதாவது அழித்த ஃபைல்களின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வதைச் செய்யும். எஸ்எஸ்டி தகவலைச் சிப்பில் வைப்பது; அதில் நகர்த்த ஹெட் இல்லை. சிதறிக் கிடப்பது அதற்குப் பொருட்டில்லை. வெளியார் டீஃப்ராக் மென்பொருள் எதுவும் வேண்டாம்.

கேள்வி: 2 டிபி வெளி டிஸ்க்கில் காப்பி போட்டால் முதலில் 120 எம்பி காட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் 10, 15 என்று விழுந்துவிடுகிறது. இரண்டு முறை ஃபார்மட் செய்தும் பயனில்லை. டிஸ்க் போலியா?

பதில்: போலி என்று முடிவு கட்டும் முன் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்கலாம்.

வேகம் விழாமல், தொடக்கத்திலிருந்தே 30 முதல் 40 எம்பிக்குள் நின்றால் அது யுஎஸ்பி 2 போர்ட் அல்லது யுஎஸ்பி 2 கேபிள். உங்களுடையது அதுவல்ல.

நீங்கள் அனுப்புவது ஒரு லட்சம் சின்னப் படங்களா? அப்படியானால் முதல் பதிலில் போட்ட கணக்கே இங்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயரை எழுத, அட்டவணையைத் திருத்த என்று ஹெட் முன்னும் பின்னும் ஓட வேண்டும். அழுத்தம் கொடுக்காமல் ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி அனுப்பிப் பாருங்கள். வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். கட்டும் வேலைக்கும் நேரம் பிடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரே பெரிய ஃபைலாக 100 ஜிபி அனுப்பும்போதும் இப்படிச் சரிகிறது, பல மணி நேரம் சும்மா விட்டால் மறுபடி நன்றாக ஓடுகிறது என்றால், அது எஸ்எம்ஆர் வகை டிஸ்க். கூரை ஓடுகளைப் போலத் தடங்களை ஒன்றின் ஓரத்தின் மேல் ஒன்றாக எழுதும் முறை. எழுதும் ஹெட் படிக்கும் ஹெட்டைவிட அகலம் என்பதால் இந்த உத்தி. இதனால் அதே பரப்பில் அதிகத் தகவலை அடைக்கலாம். ஆனால் நடுவில் ஒரு தடத்தைத் திருத்தினால் அதன் மேல் விழுந்திருக்கும் அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். இதைச் சமாளிக்க, வருவதை முதலில் ஒரு தனிப் பகுதியில் வேகமாக வாங்கி வைத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் உரிய இடத்துக்கு மாற்றும். அந்தப் பகுதி நிரம்பிய பிறகு வாங்குவதும் மாற்றுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியிருக்கும், வேகம் படுத்துவிடும். ஃபார்மட் இதை மாற்றாது, ஏனென்றால் இது கோளாறு அல்ல, அமைப்பு.

செய்ய முடிவது: 50, 60 ஜிபியாகப் பிரித்து அனுப்புங்கள். காப்பி முடிந்ததும் உடனே பிடுங்காமல் ஒரு மணி நேரம் மின்சாரத்திலேயே விடுங்கள். பேக்கப் வைக்க இந்த டிஸ்க் தாராளமாகப் போதும். இதில் விண்டோஸ் ஏற்றுவதோ, வீடியோ எடிட்டிங் செய்வதோ தண்டனை. டிஸ்க்கின் மாடல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தேடினால் எஸ்எம்ஆரா, தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழாத சிஎம்ஆரா என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.

அந்த முதல் 120-ஐயும் முழுதாக நம்ப வேண்டாம். காப்பி தொடங்கும் சில விநாடிகளில் விண்டோஸ் தகவலை ரேமில் வாங்கிவைத்துக்கொண்டு 'எழுதியாகிவிட்டது' என்று காட்டுவதும் உண்டு.

கேள்வி: சிஸ்மெயின், விண்டோஸ் சர்ச் இரண்டையும் நிறுத்தினால் டிஸ்க் 100% போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: சிஸ்மெயின், நீங்கள் அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே ரேமில் கொண்டுவந்து வைப்பது. ரேம் குறைவான பழைய கணினியில் அதை நிறுத்தினால் தொடக்க நேர நெரிசல் குறையக்கூடும். பதிலுக்குப் புரோகிராம்கள் திறக்கக் கூடுதல் நேரம் எடுக்கலாம். சர்வீசஸ் பட்டியலில் 'ஸ்டாப்' மட்டும் கொடுத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் மட்டும் 'டிசேபிள்டு' ஆக்குங்கள். விண்டோஸ் சர்ச் சேவையை மொத்தமாக நிறுத்துவதைவிட, இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் வேண்டாத ஃபோல்டர்களை விலக்குவது நல்லது. ரெஜிஸ்ட்ரி கிளீனர், ஒரே சொடுக்கில் வேகம் என்று வருபவை பக்கமே போகாதீர்கள். அவையே ஸ்டார்ட்அப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் 180 ஜிபிதான் பயன்படுத்தியிருக்கிறேன். 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிவிட்டேன். குளோன் செய்வதா, புதிதாக விண்டோஸ் போடுவதா?

பதில்: பழைய டிஸ்க்கில் 05, சி5 சுழியமாக இருந்தால் குளோன், அதாவது டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பது. இல்லையென்றால் புதிதாகப் போடுங்கள். கெட்ட செக்டரில் கிடக்கும் சிஸ்டம் ஃபைலையும் குளோன் அப்படியே கொண்டுவரும், அல்லது பாதியில் நின்றுவிடும்.

இன்னொரு யோசனை: 240-இல் 180 போனால் மிச்சம் குறைவு. எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும். படங்களையும் வீடியோக்களையும் முதலில் வேறு டிஸ்க்குக்கு மாற்றி, 120 ஜிபி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுக் குளோன் செய்யுங்கள். பழைய டிஸ்க்கை அவற்றுக்கே வைத்துக்கொள்ளலாம். டெஸ்க்டாப்புக்குத் தேவை ஒரு சாட்டா கேபிள், பவர் சப்ளையில் காலியான சாட்டா மின் இணைப்பு, இரண்டரை அங்குலத்தை மூன்றரை அங்குல இடத்தில் பொருத்தும் தட்டு. லேப்டாப் என்றால் குளோன் நேரத்துக்கு மட்டும் யுஎஸ்பி 3 சாட்டா அடாப்டர்.

டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் குறியாக்கம் போட்டிருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். குளோன் மென்பொருளில் சி டிரைவை மட்டும் தேர்ந்தெடுப்பது பலர் செய்யும் தவறு. அதற்கு முன்னால் இருக்கும் சின்னச் சின்ன பார்ட்டிஷன்களில்தான் பூட் தகவல் இருக்கிறது. அவையும் வர வேண்டும். மூலம் எது, இலக்கு எது என்று கொள்ளளவைப் பார்த்து இருமுறை உறுதி செய்யுங்கள். மாற்றிக் கொடுத்தால் வெற்று எஸ்எஸ்டி பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்படும்.

முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் வைத்து முதல் முறை ஆன் செய்யுங்கள். இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு இருப்பதால், சேர்த்து ஆன் செய்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கும். எதில் ஓடுகிறோம் என்றே குழம்பும். பூட் டிவைஸ் இல்லை என்று வந்தால் பயாஸில் போய் பூட் வரிசையைப் பாருங்கள். கணினி எழும் முறைகள் இரண்டு: பழைய லெகசி, புதிய யுஇஎஃப்ஐ. பழைய டிஸ்க் லெகசி முறையில் இருந்திருந்தால் இதுவும் லெகசிதான், யுஇஎஃப்ஐ என்றால் அதேதான். எஸ்எஸ்டியில் ஓரிரு வாரம் சிக்கலின்றி ஓடிய பிறகே பழைய டிஸ்க்கைத் துடையுங்கள்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக்… டக்' என்று சீரான இடைவெளியில் சத்தம். மெதுவாகவும் இருக்கிறது.

பதில்: இப்போதே அணைத்துவிடுங்கள். ஹெட் தன் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் ஓரத்துக்குப் போய்த் திரும்பும் சத்தமாக இருக்கலாம். ஓட ஓடத் தட்டு கீறப்படும் அபாயம் உண்டு. உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால் மென்பொருள் எதையும் முயலாமல் டேட்டா மீட்பு வல்லுநரிடம் கொடுங்கள். ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் வைத்தியம் வேண்டாம். ஈரம் கோத்து மிச்சமும் போய்விடும்.

கேள்வி: சி டிரைவ் எஸ்எஸ்டி, டி டிரைவ் ஹார்ட் டிஸ்க். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு டி-யைத் திறந்தால் ஏழெட்டு விநாடி யோசித்துவிட்டுத்தான் திறக்கிறது. பிறகு சரளமாக ஓடுகிறது.

பதில்: நோய் இல்லை, தூக்கம். பயன்படுத்தாத டிஸ்க்கின் சுழற்சியை விண்டோஸ் நிறுத்திவிடுகிறது. மறுபடி முழு வேகத்துக்கு வர அவ்வளவு நேரம் ஆகும். பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் அமைப்புகள், ஹார்ட் டிஸ்க், 'டர்ன் ஆஃப் ஆஃப்டர்' என்ற இடத்தில் 20 நிமிடம் என்று இருக்கும். அதை 0 ஆக்கினால் தூங்காது. வெளி டிஸ்க்குகளில் சிலவற்றுக்கு இந்த நேரக் கணக்கு டிஸ்க்கின் பெட்டிக்குள்ளேயே இருக்கும். அவற்றுக்கு விண்டோஸ் அமைப்பு செல்லாது, நிறுவனத்தின் மென்பொருளில்தான் மாற்ற வேண்டும்.